ஐந்தாம் தேதியும் சனிக்கிழமையும்: ஒரே போனுக்கு இரண்டு விதமாகக் கட்டிய பணம்

திருப்பூரில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் மாடியில் ஞாயிறு காலைகளில் நாங்கள் மூன்று பேர் உட்காருகிறோம். பி.எஃப். பணம், வங்கிக் கணக்கு, கடன் என்று யார் என்ன காகிதத்தோடு வந்தாலும் படித்துச் சொல்வது வேலை. நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கீழே இருப்பது 2025 நவம்பரில் எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் கணக்கு. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆள், கடை, கம்பெனி, நிதி நிறுவனம் எதற்கும் இதில் பெயர் கிடையாது. தொகைகளைப் பில், பாஸ்புக், குறுஞ்செய்திகளில் இருந்து எடுத்திருக்கிறேன்.

பின்னணி

இரண்டு பேர். ஒருவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், வயது நாற்பதுக்குப் பக்கம். மற்றவர் அவர் மனைவியின் தம்பி, வேறொரு கம்பெனியில் பேக்கிங். ஒருவர் மற்றவரை ‘மாமா’, ‘மாப்ள’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இரண்டு குடும்பமும் ஒரே லைன் வீட்டில், ஒரு சுவர் தள்ளி. தேனிப் பக்கம் இருந்து வந்து பதினைந்து வருடம் ஆகிறது.

மாமாவுக்கு ஷிப்டுக்கு 510 ரூபாய். காலை எட்டரை மணிக்குப் போய் இரவு வரை தைத்தால் ஒன்றரை ஷிப்ட், 765. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் வாரம் 4,590. சனிக்கிழமை சாயங்காலம் கவரில் ரொக்கமாகக் கிடைக்கும். மனைவி செக்கிங் போகிறார், அவருக்கும் சனிக்கிழமைதான். வாடகை 4,000.

வாரக்கூலி ஊர் எப்படி நடக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. சனிக்கிழமை இரவு மளிகைக் கடையில் பாக்கி தீர்க்க வேண்டும், ஞாயிறு கறி, திங்கள் முதல் மறுபடியும் கணக்கு எழுத வேண்டும். வியாழன், வெள்ளியில் கையில் நூறு இருநூறு இருந்தால் நல்ல வாரம். வங்கிக் கணக்கில் பணம் தங்கவே தங்காது. மாமா செய்வது இதுதான்: சனிக்கிழமை இரவு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஐந்நூறோ ஆயிரமோ ரொக்கம் கொடுப்பார், அண்ணாச்சி அவர் நம்பருக்கு ஜிபே பண்ணிவிடுவார். வாரம் முழுக்க டீ, பஸ், ரீசார்ஜ் எல்லாம் அதில் இருந்து போகும்.

2025 ஜூனில் மாமாவின் மகள் கல்லூரிக்குப் போகிறாள், போன் வேண்டும். மாப்பிள்ளையின் பழைய போன் சார்ஜ் நிற்காமல் தவித்தது. இருவரும் ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கடைக்குப் போய் ஒரே மாடலை எடுத்தார்கள்.

கடையில்

ஒட்டியிருந்த விலை 22,990.

மாப்பிள்ளைக்கு மே மாதம் சீட்டு எடுத்த பணம் 30,000 கையில் இருந்தது. முழுப் பணமும் தருகிறேன், எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார். பேசிப் பேசி 21,790-க்கு முடிந்தது. 1,200 குறைவு, மேலே ஒரு டெம்பர்ட் கிளாஸ்.

மாமாவிடம் மொத்தமாக அவ்வளவு இல்லை. ‘நோ காஸ்ட் இஎம்ஐ, வட்டி பூஜ்யம், பத்து மாசம்’ என்றார் கடையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பையன். மாதம் 2,299. அதில் இரண்டு தவணை அன்றைக்கே கட்ட வேண்டும், மீதி எட்டும் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கில் இருந்து தானாகப் போகும். முன்பணம் 4,598. பிராசசிங் கட்டணம் 700, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 826. ஸ்கிரீன் உடைந்தால் மாற்றித் தரும் திட்டம் என்று ஒரு 1,499. அது விருப்பப்பட்டால் மட்டும் எடுக்க வேண்டியது. கட்டாயம் என்று நினைத்து எடுத்துவிட்டார். ஆக அன்றைக்குக் கையில் இருந்து போனது 6,923.

1,200 தள்ளுபடி தனக்கும் உண்டா என்று மாமா கேட்டிருக்கிறார். “இஎம்ஐக்கு வராதுங்ணா” என்று பதில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட திட்டத்தில் வட்டி காணாமல் போவதில்லை. போன் கம்பெனியோ கடையோ அதை நிதி நிறுவனத்துக்குத் தன் கையில் இருந்து கொடுத்துவிடுகிறது. ரொக்கத்துக்கு வாங்குகிறவரால் அந்தச் செலவு இல்லை. அதனால்தான் அவருக்கு விலையைக் குறைக்க இடம் இருக்கிறது. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ‘பூஜ்ய சதவீத வட்டி’ என்பதே இல்லாத ஒன்று, கிரெடிட் கார்டு தவணைத் திட்டங்களில் வட்டியைப் பிராசசிங் கட்டணம் என்ற பெயரில் ஒளித்து வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைத் தவணைக் கடன் எதுவானாலும் கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும், கட்டணங்களைச் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதத்தை அதில் காட்ட வேண்டும் என்பது விதி. மாமாவுக்கும் வந்திருந்தது, போனுக்கு, ஆங்கிலத்தில், கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் ஆக. அதைத் திறந்ததே இல்லை. ஓடிபி சொன்னதுதான் கையெழுத்து. நவம்பரில் நான் திறந்து பார்த்தேன். வட்டி விகிதம் 0. ஆண்டு விகிதம் 12.4. அந்த 826 ரூபாய் செய்த வேலை.

ஆனால் கைவிட்டுப்போன 1,200 ரூபாய் அந்தத் தாளில் வராது. எந்தத் தாளிலும் வராது. அதையும் சேர்த்துப் போட்டால், ரொக்க விலை 21,790. மாமா முதல் நாள் கொடுத்தது 4,598-உம் 826-உம். ஆக அவர் உண்மையில் கடனாக வாங்கியது 16,366. திருப்பிக் கட்டப்போவது 18,392. எட்டு மாதத்தில் 2,026 கூடுதல். ஆண்டுக்கு 32 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

சரி, அது அதிகம்தான். ஆனால் குடும்பத்தை இழுத்துவிட்டது அந்த 2,026 இல்லை. அதனால்தான் இந்தக் கணக்கை எழுதுகிறேன்.

ஜூலை: 82 ரூபாய்

முதல் தவணை ஜூலை 5. அன்றைக்குச் சனிக்கிழமை. காலையிலேயே பணம் எடுக்க வந்துவிட்டது. கூலி கைக்கு வருவது சாயங்காலம். கணக்கில் இருந்தது 212. பவுன்ஸ்.

ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தியை மகள் படித்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மாமா அண்ணாச்சியிடம் 2,300 கொடுத்துக் கணக்கில் ஏற்றிக்கொண்டார். தவணைக்கு ஒரு ரூபாய் அதிகமாகவே. ஆனால் பணம் உள்ளே விழுந்ததும் வங்கி தன்னுடைய ரிட்டர்ன் கட்டணம் 295-ஐ எடுத்துக்கொண்டது. 212-உம் 2,300-உம் சேர்ந்து அதில் 295 போக 2,217. ஒன்பதாம் தேதி நிதி நிறுவனம் இரண்டாம் முறை கேட்டது. 82 ரூபாய் குறைவு. மறுபடியும் பவுன்ஸ்.

ஒவ்வொரு பவுன்ஸுக்கும் நிதி நிறுவனம் 500, வங்கி 295. இரண்டுக்கும் சேர்த்து 1,590. பன்னிரண்டாம் தேதி, அடுத்த சனிக்கிழமை இரவு, தவணையையும் ஆயிரம் ரூபாய் பவுன்ஸ் கட்டணத்தையும் நிதி நிறுவனம் அனுப்பிய லிங்க்கில் கட்டி முடித்தார். பாஸ்புக்கில் அந்த ஐந்து வரிகளையும் நான் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டியபோதுதான் 82 ரூபாய் விஷயமே அவருக்குத் தெரிந்தது. அதுவரை “சர்வர் கோளாறு” என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார்.

“தப்பா ஒண்ணும் பண்ணல சார். அன்னிக்கு ராத்திரி வந்து கேட்டிருந்தா எடுத்துக் கொடுத்திருப்பேனே” என்றார். உண்மைதான். குடும்ப வருமானத்தில் 2,299 கட்ட முடியாத தொகை கிடையாது. பணம் இருந்தது, ஐந்தாம் தேதி காலையில் வங்கியில் இல்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் தவணை சிக்கலில்லாமல் போனது. மனைவி முன்கூட்டியே 2,500 போட வைத்து, செவ்வாய்க்கிழமை வரை ஜிபே பக்கமே போகவிடவில்லை.

அதே ஜூலையில் மாப்பிள்ளை

ரொக்கத்தில் வாங்கியவர் தப்பித்தார் என்று நினைக்க வேண்டாம். சீட்டுப் பணத்தில் போன் போக மீதி 8,210. பள்ளி திறந்த செலவு 5,000. கையில் நின்றது 3,200 சொச்சம். ஜூலை மூன்றாவது வாரம் பையனுக்குக் காய்ச்சல், ராத்திரி நேரம், பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி, மூன்று நாள். பில் 11,200.

வாரத்தவணைக்காரரிடம் பத்தாயிரம் வாங்கினார். கையில் கொடுத்தது 8,500. பத்து வாரம், வாரம் ஆயிரம். கணக்குப் போட்டால் வாரத்துக்கு மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், ஆண்டுக்கு 150-ஐத் தாண்டும். ஜூனில் பேரம் பேசி மிச்சம் பிடித்த 1,200 போய், மேலே 300 கையைக் கடித்தது.

ஆனால் ஒரு விஷயம். ஆகஸ்ட் 2 முதல் அக்டோபர் 4 வரை பத்துச் சனிக்கிழமை, ஒன்றுகூடத் தவறாமல் கட்டிவிட்டார். கலெக்‌ஷன் ஆள் வண்டியில் வருவது சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. கவர் பிரிக்கும்போதே ஆயிரம் தனியாகப் போய்விடும். மாமாவின் கடனைவிட ஐந்து மடங்கு வட்டி உள்ள கடனில் ஒரு நாள் தாமதம் இல்லை. இதை நான் வாரத்தவணைக்கு நற்சான்று கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் குடும்பங்கள் அழிந்ததையும் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் கையில் என்றைக்குப் பணம் வரும் என்பதை அந்த ஆள் தெரிந்து வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் கடைசி முதல் தீபாவளி வரை

மாமாவின் கம்பெனி அமெரிக்க ஆர்டர் தைப்பது. 2025 ஆகஸ்ட் 7-ல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீத வரி, 27-ல் மேலே இன்னொரு 25. அந்த வாரக் கடைசியில் இருந்து அரை ஷிப்ட் நின்றது, பிறகு ஆறு நாள் நான்கு நாள் ஆனது. ஒரு ஷிப்ட், நான்கு நாள்: வாரம் 2,040. மாப்பிள்ளையின் கம்பெனிக்கு உள்நாட்டு வியாபாரம், தீபாவளிக்கு முன்னால் வேலை குவிந்து கிடந்தது. இருவரையும் ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. வேலை மாப்பிள்ளைக்குக் குறைந்திருந்தால் கதை வேறு மாதிரி இருக்கலாம்.

செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை. பவுன்ஸ். ஒன்பதாம் தேதி மறுபடியும். அக்டோபர் 5 ஞாயிறு. 2021 ஆகஸ்டில் இருந்து இந்தத் தானியங்கி வசூலுக்கு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது, ஞாயிறும் வரும். வந்தது. பவுன்ஸ். ஒன்பதில் இன்னொன்று. ஐந்தாம் தேதிக்கு முந்தின நாள் ராத்திரிதான் அடுத்த வீட்டில் மாப்பிள்ளை தன் பத்தாவது வாரத்தைக் கட்டி முடித்திருந்தார்.

நடுவில் போன் அழைப்புகள். மாமாவுக்கு, மனைவிக்கு, அப்புறம் ஒரு நாள் கம்பெனி கேட்டில் ஒரு ஆள் வந்து நின்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. மாமாவின் போனில் இரவு 8.10-க்கு வந்த அழைப்பு பதிவாகியிருந்தது. கேட் விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. பதினோரு வருடமாக அதே லைனில் தைக்கிறவர்.

அக்டோபர் 14-ஆம் தேதி, போனஸ் வந்த மறுநாள், எல்லாவற்றையும் கட்டினார். இரண்டு தவணை 4,598, நான்கு பவுன்ஸ் 2,000, தாமத அபராதம் 180. வங்கி தனியாக 1,180 எடுத்துக்கொண்டது. மொத்தம் 7,958. போனஸ் 16,500. கிட்டத்தட்டப் பாதி. செப்டம்பர் தவணை 39 நாள் தாமதமாகி இருந்தது.

எங்களிடம் வந்தபோது

நவம்பர் தவணை போனஸ் மிச்சத்தில் போய்விட்டது. எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு, நவம்பர் 16, ஞாயிறு. வந்த காரணம் போன் இல்லை. வேலை குறைந்த நேரத்தில் வீட்டில் ஒரு ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கலாம் என்று 40,000 கடன் கேட்டிருந்தார். வங்கியில் ‘சிபில் சரியில்லை’, அதாவது கடன் கட்டிய பதிவு சரியில்லை, என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் தெரிந்து அவர் எந்தக் கடனையும் பாக்கி வைக்கவில்லை. எல்லாம் கட்டியாயிற்றே?

கடன் விவர நிறுவனங்கள் நாட்டில் நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அங்கேயே உட்கார்ந்து எடுத்தோம். இரண்டு விஷயம் தெரிந்தது. செப்டம்பரில் 30 நாளைத் தாண்டிய தாமதம், அது உண்மை. அடுத்தது, அக்டோபர் 14-ல் கட்டிய பணம் பதிவாகாமல் இன்னும் பாக்கி என்றே நின்றது. அது தவறு.

மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார். அவருக்கு ஒரு சந்தேகம்: செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி குறைந்ததே, அதுவரை பொறுத்திருந்தால் போன் மலிவாகக் கிடைத்திருக்குமோ? இல்லை. அன்றைக்குப் பெரிய டிவி, ஏசிக்கு 28-ல் இருந்து 18 ஆனது. செல்போனுக்கு 2020 ஏப்ரலில் இருந்தே 18, இப்போதும் 18. ஒட்டியிருந்த 22,990-ல் 3,507 வரிதான். அதில் அவருக்கு ஒரு ஆறுதல்.

எடுத்த முடிவுகள்

மாமா முதலில் கேட்டது, மீதி மூன்று தவணை 6,897-ஐயும் எங்காவது புரட்டி ஒரேயடியாகக் கட்டி முடித்துவிடலாமா என்று. வேண்டாம் என்றோம். வட்டி பூஜ்யம் என்று எழுதிய கடனை முன்னதாக முடிப்பதால் மிச்சமாகும் வட்டி எதுவும் இல்லை. புரட்டுகிற பணத்துக்கு வட்டி உண்டு. அதைவிட, ஏற்கெனவே கறை பட்ட கணக்கில் மூன்று மாதம் தேதி தவறாமல் கட்டியதாகப் பதிவாவது நல்லது.

தேதியை மாற்றித் தரச் சொல்லி நிதி நிறுவனத்துக்கு எழுதினோம். முடியாது என்றார்கள். அப்படியானால் தேதிக்குத் தகுந்த மாதிரி நாம்தான் மாற வேண்டும். சிக்கலின் வேர் எங்கே என்று பாஸ்புக்கைப் பார்த்தாலே தெரிந்தது: தவணை போகும் கணக்கும் டீக்கடைக்கு ஜிபே பண்ணும் கணக்கும் ஒன்று. ஜிபேயை அந்தக் கணக்கில் இருந்து எடுத்து, மனைவியோடு சேர்ந்து வைத்திருந்த வேறொரு கணக்கில் இணைத்தோம். பழைய கணக்கில் இனி பணம் போடலாம், எடுக்க முடியாது, அதாவது எடுக்க வேண்டுமென்றால் ஏடிஎம் வரை நடக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் அதில் 600. நான்கு சனிக்கு 2,400. வாரத்தவணைக்காரரின் முறையைத்தான் திருடினோம், அவர் வட்டியை விட்டுவிட்டு.

நவம்பர் 17-ல் இரண்டு புகார். கடன் விவர நிறுவனத்துக்கு, அக்டோபர் பாக்கி தவறு என்று ரசீதோடு. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலில் இருந்து இருக்கிறது, அதையும் ஒரு வரியில் எழுதிவிட்டோம். நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, ஒரே தவணைக்கு இரண்டு முறை வாங்கிய பவுன்ஸ் கட்டணம் பற்றியும், இரவு அழைப்பு, கேட்டுக்கு ஆள் அனுப்பியது பற்றியும். அவர்கள் 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம்.

ஸ்கிரீன் திட்டத்தின் 1,499-ஐத் திரும்ப வாங்க முடியுமா என்று பார்த்தேன். ரத்து செய்யும் காலம் என்றைக்கோ முடிந்திருந்தது. “தண்டச் செலவு, மறந்துடுங்க” என்று சொன்னேன். நானே சொன்னதுதான், பின்னால் வருகிறது.

மாப்பிள்ளைக்கு நாங்கள் சொன்னது சின்னது. வாரம் ஆயிரம் கட்டிப் பழகிய கை. அதில் பாதியை அதே சனிக்கிழமை ராத்திரி தபால் அலுவலகக் கணக்கில் போட ஒதுக்கச் சொன்னோம். ஜூனில் அவர் மொத்தப் பணத்தையும் போனில் இறக்காமல் பத்தாயிரத்துப் போனாக எடுத்திருந்தால் ஆஸ்பத்திரி பில் கையில் இருந்தே போயிருக்கும். நகையை வங்கியில் வைத்திருந்தால் வாரத்தவணை வட்டியில் ஒரு துளிதான் ஆகியிருக்குமே என்று நான் ஆரம்பித்தேன். “ராத்திரி பதினோரு மணிக்கு எந்த பேங்க் சார் திறந்திருக்கு?” என்றார் அவர் மனைவி. அதற்கு மேல் பேசவில்லை.

பின்னர் நடந்தது

டிசம்பர் 10-ல் அறிக்கை திருத்தப்பட்டது, 23 நாளில். அக்டோபர் பாக்கி போய்விட்டது. செப்டம்பர் தாமதம் அப்படியே இருக்கிறது. நடந்தது நடந்ததுதான், அதை அழிக்கச் சொல்லிப் புகார் எழுத முடியாது. காசு கொடுத்தால் அழித்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் மாமாவிடம் 3,000 கேட்டிருக்கிறார். நல்ல வேளை, எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்தினார்.

நிதி நிறுவனம் 19-ஆம் நாள் பதில் போட்டது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ ஒரே ஒரு பவுன்ஸ் கட்டணம், 500, திருப்பிக் கொடுத்தார்கள். இரவு அழைப்பு, கேட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குறைதீர்ப்பாளருக்கு எழுதுவோம் என்றேன். “லோன் முடியட்டும் சார்” என்றார் மாமா. எழுத வேண்டும் என்பது என் கருத்து. வேலைக்குப் போகிறவர் அவர், முடிவு அவருடையது.

டிசம்பர் 5, ஜனவரி 5, பிப்ரவரி 5. மூன்றும் போயின. சனிக்கிழமை 600 இரண்டு வாரம் மட்டும் 400 ஆகக் குறைந்தது, அடுத்த வாரம் சேர்த்துப் போட்டார்கள்.

ஜனவரியில் மகள் கையில் இருந்து போன் பஸ் படிக்கட்டில் விழுந்து டிஸ்ப்ளே போனது. சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகை 5,400. நான் தண்டம் என்று சொன்ன திட்டத்தில் 499 கட்டி மாற்றிக்கொண்டு வந்தார்கள். மாமா என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. மாப்பிள்ளைதான் சிரித்தார்.

மொத்தக் கணக்கு இப்படி நிற்கிறது. மாப்பிள்ளைக்கு 21,790-உம் வாரத்தவணையில் போன 1,500-உம் சேர்த்து 23,290. மாமாவுக்கு 22,990, பிராசசிங் 826, பவுன்ஸும் அபராதமும் 4,950, அதில் திரும்பி வந்தது 500, ஆக 28,266. ஸ்கிரீன் திட்டத்தை இதில் சேர்க்கவில்லை, அது தன் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இருவருக்கும் இடையே 4,976. இதில் தள்ளுபடியும் பிராசசிங் கட்டணமும் 2,026. கூலி வரும் நாளும் தவணை போகும் நாளும் பொருந்தாததால், அதன் மேல் வேலை குறைந்ததால் மாமாவுக்குப் போனது 4,450. அதில் மாப்பிள்ளையின் வாரத்தவணை 1,500-ஐக் கழித்தால்தான் மீதி 2,950.

இனி நாங்கள் மாற்றுவது

இதற்கு முன் யாராவது தவணையில் வாங்கலாமா என்று கேட்டால் நான் வட்டிக் கணக்கில்தான் ஆரம்பிப்பேன். வங்கிப் பழக்கம். இப்போது முதல் கேள்வி கூலி என்றைக்கு, ரொக்கமா வங்கியிலா, ஜிபே எந்தக் கணக்கில் என்பது. வாரக்கூலிக்காரர் தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன்பே தேதியைக் கேட்க வேண்டும். மேஜைப் பையனிடம் சில சமயம் இரண்டு மூன்று தேதி இருக்கும், கேட்டால் மாற்றித் தருவார். ஓடிபி சொன்ன பிறகு யாராலும் மாற்ற முடியாது.

பவுன்ஸ் ஆனால் தவணைத் தொகையை மட்டும் கணக்கில் போடக் கூடாது என்பதை நாங்கள் மாடிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வங்கிக் கட்டணத்துக்கு 300 சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் நேராக லிங்க்கில் கட்டிவிட வேண்டும். இது தெரிந்திருந்தால் ஜூலையில் 795 மிச்சம்.

விவரத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கச் சொல்கிறோம். கேட்டால் தருகிறார்களா என்றால், இதுவரை இரண்டு பேர் கேட்டார்கள், ஒருவருக்குக் கிடைத்தது.

எங்களுடைய தவறும் ஒன்று உண்டு. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க ஆர்டர் கம்பெனிகளில் ஷிப்ட் குறையும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தவணை உள்ளவர்கள் நிதி நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள் என்று நாங்கள் கம்பெனி வாசலில் ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்கலாம். மனு எழுதுவது எங்களுக்குத் தெரிந்த வேலை. நோட்டீஸ் அடித்தோம், போனஸ் சதவீதம் பற்றி.

பிப்ரவரியில் கடன் முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றை எழுதிக் கேட்டு வாங்கினோம், தானியங்கி வசூல் உத்தரவையும் வங்கியில் ரத்து செய்தோம். மெஷின் கடனுக்கு மாமா மறுபடியும் விண்ணப்பிக்கவில்லை. சனிக்கிழமை 600 மட்டும் நிற்கவில்லை. மார்ச்சில் கம்பெனியை மூடிவிட்டு ஊருக்குப் போகிற ஒருவரிடம் இருந்து பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்றை எடுத்திருக்கிறார். முன்பணம் கொஞ்சம், மீதி சனிக்கிழமை ஆயிரம் ஆயிரமாக. காகிதம் ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ரசீது வாங்குங்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகமே கொடுத்து அனுப்பினேன். போன ஞாயிறு கேட்டேன். நோட்டில் மகள் கல்லூரிக் கணக்கு எழுதியிருக்கிறாளாம்.